ஈயம் வைத்துத் தைத்த சட்டை

ராத்தா,

வெறும் பை என்று நினைத்துத்தான் ஒரு கையால் இழுத்தேன். அலுமாரியின் மேலிருந்து அது பொத்தென்று என் நெஞ்சில் வந்து விழுந்தது. பொத்துவில் பயணத்துக்கு வாங்கிய அதே மண்ணிற ரெக்சின் பை. திறந்தால், பூச்சி உருண்டை மணத்துக்குள் உன் கறுப்புச் சட்டை. கீழ் விளிம்பு முழுக்க ஈயக் குண்டுகள். இத்தனை நாளும் அங்கேயே கிடந்திருக்கிறது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

பையைத் தேடச் சொன்னது வாப்பா. இந்தச் சிறுபோகமும் சவளக்கடை வயல் நன்றாக விளைந்துவிட்டதாம். மறுபடியும் பெரியவர் சின்னவர் எல்லோருமாகக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போவதாம். எந்த ஊர் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருந்து கதைப்பதாம். அந்த ‘மறுபடியும்’ அவருடைய வாயில் எவ்வளவு லேசாக வந்தது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்முனையில் நம் வீட்டு ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல். ஐந்து நிமிட நடை. நீ பெரியபிள்ளையான நாளிலிருந்து அதில் கால் வைத்ததில்லை. கடல்தான் உன்னிடம் வந்தது, சட்டிக்குள் மீனாக, ஜன்னல் கம்பியில் துருவாக, நாள் முழுக்க இரைச்சலாக. நீ அதனிடம் போகவில்லை.

சூறாவளி அடித்து மறு வருடம் நடந்த அந்தக் கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். வீடு உன் பெயரில் இருந்தது. உனக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. அந்த வீட்டு மண்டபத்தில் வாப்பா சாய்மனைக் கதிரையிலும் உன் மாப்பிள்ளை மச்சான் அடுத்த கதிரையிலும் இருந்தார்கள். உன் தம்பி நான் தூணோடு நின்றேன். வீட்டுக்காரி நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். திருகோணமலை தூரம் என்றார்கள், உம்மாவுக்கு வழியெல்லாம் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். பாசிக்குடாவில் வெள்ளைக்காரிகள் அரைகுறையாகக் கிடப்பார்கள். அப்போதுதான் வாப்பா அந்தப் பயணத்தின் சட்டத்தைச் சொன்னார்.

“ஆக்கள் தெரியாத ஊராப் பாக்கணும். நம்மட கடலுக்கு நம்மட பொம்புளயளக் கூட்டிப் போனா ஊரே கதைக்கும்.”

மச்சான் தலையாட்டிவிட்டு அடுத்த சட்டத்தைச் சொன்னார். “தெரியாத ஊர்ல எங்க மாமா தங்குற? நம்மட சொந்தக்கார வீடு ஒண்டாவது இரிக்கணுமே.”

இந்த இரண்டு பேச்சும் ஒன்றையொன்று கழுத்தை நெரிப்பதை அந்த மண்டபத்தில் ஒருவரும் காணவில்லை. வாசிகசாலையில் பெண் விடுதலை பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிற நானும் காணவில்லை. திருக்கோவில் கிட்ட இருந்தது, அங்கே நம்மை ஒருவருக்கும் தெரியாது. அதனாலேயே தங்க வீடில்லை என்று தள்ளிவிட்டார்கள். பொத்துவிலில் உம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி வீடு இருந்தது. முடிந்தது கதை. நீ உன் மூத்த மகளைக் கதவுக்கு இந்தப் பக்கம் அனுப்பி ஒன்றே ஒன்று கேட்டாய். கடல் அந்த வீட்டுக்குக் கிட்டவா?

கூப்பிடு தூரம்தான் என்றார் வாப்பா. பொய் இல்லை.

அடுத்த நாள் நீ என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, வலைக்குக் கட்டுகிற ஈயம் கொஞ்சம் வாங்கித் தரச் சொன்னாய். தோணி வாங்கப்போகிறாயா என்று பகிடி பண்ணினேன். “ஓம். மச்சானுக்குச் சொல்லிராத” என்றாய். நாலு நாள் தையல் மெசின் ஓடியது. கணுக்கால் வரை நீண்ட கறுப்புச் சட்டை; விளிம்பு மடிப்புக்குள் ஒரு விரற்கடைக்கு ஒரு குண்டு. கிணற்றடித் தொட்டியை நிரப்பி, அதற்குள் இறங்கி நின்று, கையால் அலையடித்துக் காட்டினாய்.

“சட்ட மேல எழும்பினாத்தானே ஏசுவாங்க. பாரு, எழும்புதா?”

எழும்பவில்லை. ஒருவர் ஏசுவதற்கும் இடம் வைக்காமல் நீ எல்லாவற்றையும் யோசித்திருந்தாய். அவர்கள்தான் யோசிக்கவில்லை.

பொத்துவில் வீட்டைச் சுற்றி ஆளுயரக் கிடுகு வேலி. வேன் நின்ற அரை மணிக்குள் அந்தத் தெருவே நம்மைப் பார்க்க வந்துவிட்டது. கல்முனைச் சொந்தம் வந்திருக்கிறதாம். தெரியாத ஊரென்று போன ஊரில் எல்லோருக்கும் நம்மைத் தெரிந்துபோனது. பிறகென்ன, நீ உள்ளேதான். ஆண்களும் பிள்ளைகளும் ஒரு நாளைக்கு மூன்று தரம் கடலுக்குப் போனோம். பசியோடு வந்தோம். நீ வெங்காயம் உரித்தாய், பதினெட்டுப் பேருக்குச் சோறு போட்டாய். எங்கள் கால்களில் ஒட்டிவந்த மணலைக் கூட்டி வாசலுக்கு வெளியே தள்ளினாய். மூன்று நாளும் நீ கண்ட கடல் அவ்வளவுதான். உம்மா தங்கச்சியோடு வெற்றிலை மென்றுகொண்டு, கடல் எங்கேயும் ஓடிப்போகாது புள்ள என்று உனக்கு ஆறுதல் சொன்னா. அவவும் அதே வேலிக்குள்தான் இருந்தா. அவவுக்கு அது பழகிப்போயிருந்தது.

நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தேன் ராத்தா. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள், சுபஹுத் தொழுகை முடிந்து நான் பள்ளியால் வரும்போது நீ வாசல் படலையடியில் நின்றாய். அந்தப் பை உன் கையில்.

“ஒழுங்கையால போனா அஞ்சு நிமிஷம் தம்பி. நீ கூட வா. ஒருக்கா நனஞ்சிட்டு வந்திருவன்.”

கரைவலை இழுக்கிறவர்கள் எல்லோரும் என் கூட்டாளிமார் என்றேன். காலம் மாறும், கொஞ்சம் பொறு என்றேன். சமூகம் தயாரில்லை என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். நீ கோபிக்கவில்லை. சிரித்தாய்.

“வாப்பாவும் இதத்தான் சொன்ன. நீ கொஞ்சம் வடிவாச் சொல்றாய்.”

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அதை அலுமாரியின் மேல் வைத்தது அன்றைக்குத்தான் போலும்.

மறு வருடம் ஐந்தாவது பிள்ளைப்பேற்றில் நீ மௌத்தாகிப் போனாய். பிள்ளையும் தங்கவில்லை. கடற்கரை மையவாடியில் அடக்குவதற்கு அந்த ஒழுங்கையால்தான் உன்னைக் கொண்டுபோனோம். கரைவலையை விட்டுவிட்டு என் கூட்டாளிமார் ஓடிவந்து சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார்கள். தெருவெல்லாம் ஆட்கள். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. நீ சொன்னது சரிதான். ஐந்து நிமிடம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான். மச்சான் வேறு கலியாணம் முடித்துப் போய்விட்டதால் அவருடைய கதிரையில் நான் இருந்தேன். கதவுக்குப் பின்னால் உன் மூத்தவள் நின்றாள். பன்னிரண்டு வயது. அவளை அங்கே நிற்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. பழகிவிட்டாள். வாப்பா பொத்துவிலுக்கே போவோம், தெரிந்த வீடு என்றார்.

“ஒழுங்கை முடியிற இடத்துலயும் கடல் இரிக்கி வாப்பா” என்றேன்.

“அங்க நம்மள ஆருக்குத் தெரியாது?”

“ராத்தாவ அந்த ஒழுங்கையாலதானே கொண்டு போன. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே நிண்ட.”

வாப்பா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பையை வெயிலில் வைக்கச் சொன்னார், பூச்சி மணம் போகட்டுமாம். பொத்துவில் பொத்துவிலாகவே நிற்கிறது. நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

பின்னேரம் உன் மூத்தவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஒரு முழம் நிலத்தில் இழுபட்டது. “இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்கு அளவா இரிக்கும் மாமா” என்றாள். இரண்டு வருடத்தில் அவள் எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.

கத்தரிக்கோல் எடுத்து நீளத்தை வெட்டினேன். குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புது விளிம்பில் வைத்து நானே தைத்தேன். உன் தையல் மாதிரி இல்லை, கோணல்மாணல். விரலில் நாலு இடத்தில் ஊசி ஏறியிருக்கிறது. நாளைக்கு சுபஹுக்குப் பிறகு நானும் அவளும் போகிறோம். கரைவலைக்காரர்கள் நிற்பார்கள். இப்போதே எனக்கு முகம் சுடுகிறது, உன்னிடம் ஏன் மறைக்க? இந்த முறை வடிவாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பேன்.

பாரமாகத்தான் இருக்கிறது ராத்தா.