கோட்டைத் தீவில் சொன்ன கேலி

நவம்பர் 11

காலையில் கோட்டு ஓடையில் இரண்டு டச்சுக்காரர்களுக்கு மீன்கொத்தி காட்டினேன். மதியம் சமைத்த மீன்சோறு அடிப்பிடித்துவிட்டது. அப்புறம் ஹில்டாவின் கடிதம். லண்டனில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஆற்றுப் பயணங்களை நடத்துகிற கம்பெனிக்காரி.

'அன்புள்ள தெனிங், இந்தப் பருவம் முதல் கேபா பாஜி தலைமை வழிகாட்டி. நீங்கள் துணை வழிகாட்டி. உங்கள் செவித்திறன் குறித்து எங்களுக்குத் தெரியவந்ததால்—'

தெரியவந்ததாம். எப்படித் தெரியவரும்? என் இடது காது மந்தமாகிப் போனது இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். வயிற்றில் சுமந்து பெற்ற மகளிடம்கூட நான் சொல்லவில்லை. கேபாவிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான்.

ஒன்பது வருஷம் தலைமை வழிகாட்டி. இந்த வேலைக்கு அவன் பெயரைச் சொன்னதே நான்தான்.

நவம்பர் 12

விடமாட்டேன்.

நவம்பர் 15

வந்தான். எதுவும் நடக்காத மாதிரி வாசலிலிருந்தே சத்தம். "ஏய் அடிமை! எஜமான் வந்திருக்கேன், சோறு எங்கே?" நேராக வந்து என் தட்டிலிருந்த மீன்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கேலி முறையாம்! நான் செரேர் இனம், அவன் ஜோலா இனம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இப்படி ஒரு உறவை எந்த மகராசன் ஏற்படுத்தினானோ. அவன் என்னை அடிமை என்பான், நான் அவனை அடிமை என்பேன். திருப்பிக் கொடுக்காவிட்டால் தோற்றதாக அர்த்தம். கோபம் மட்டும் கூடாது. அடுத்தவர் தட்டில் கை வைக்கலாம், அப்பனைப் பழிக்கலாம், கோபப்படக் கூடாது.

நான் பதில் சொல்லவில்லை. அப்போதுதான் அவன் முகம் மாறியது.

"கடிதாசி வந்துடுச்சா? நான் கெட்ட எண்ணத்துல சொல்லல தெனிங். போன வருஷம் நாணல் பக்கம் நீர்யானை எழும்பி மூச்சு விட்டது உனக்குக் கேக்கலேன்னு நீதானே சொன்ன? படகுல எட்டுப் பேரு இருந்தாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? லண்டனுக்கு எதுக்குடா எழுதின?"

"உங்கிட்ட சொன்னா நீ விட்டுக்கொடுப்பியா?"

மாட்டேன்தான். அதற்காக? என் முதுகுக்குப் பின்னால் எழுதிவிட்டு, என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, என் நன்மைக்காம்! எனக்கு அவன் நன்மை வேண்டாம். அவன் அந்த நாற்காலியிலிருந்து எல்லார் முன்னாலும் குப்புற விழ வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும்.

நவம்பர் 27

பயணம் தொடங்கியது. பன்னிரண்டு நாள், எட்டு விருந்தாளிகள். வேனின் முன் இருக்கையில் ஒலிபெருக்கியோடு அவன். பின்னால் தண்ணீர்ப் பெட்டிகளோடு நான். டிரைவர் பாபுகார் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

விருந்தாளிகளில் இரண்டு பேர் அமெரிக்கக் கறுப்பினத்துச் சகோதரிகள். மூத்தவள் வெர்லீன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பறவை பார்க்க வந்தவள் இல்லை. "எங்க ஆளுங்க இந்த ஆத்து வழியாத்தான் போயிருக்கணும்னு எங்க வீட்டுல ஒரு பேச்சு உண்டு. நிஜமா பொய்யா தெரியல. ஆத்தையாவது பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். நான் சொல்லாமலே என் வலது பக்கமாக நடந்து வருகிறாள்.

நவம்பர் 29

டெண்டாபா. சதுப்புநிலக் காட்டுக்குள் படகு. கேபா கையை உயர்த்தி, "கேளுங்க" என்றான். எல்லார் முகமும் மலர்ந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நானும் முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டேன்.

அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பறவை இருந்த கிளையை எனக்கு விரலால் காட்டினான். பரிதாபப்படுகிறான்! அறைந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

டிசம்பர் 2

வாசு என்கிற ஊர். பழங்காலக் கல்வட்டங்கள். தூண்களின் உச்சியில் வழக்கம்போல எல்லாரும் சின்னக் கல் வைத்தார்கள். நான் ஒன்பது வருஷமாகச் செதுக்கி வைத்திருந்த விளக்கத்தை அவன் வரிக்கு வரி ஒப்பித்தான். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துகிறான், நான் வானத்தைப் பார்க்கிற இடத்தில் வானத்தைப் பார்க்கிறான்.

ஆனால் இன்று ஒன்று கவனித்தேன். நுழைவாசலில் இருக்கும் செரேர்க்காரர் அவனைப் பார்த்து ஆங்கிலத்தில், "வாங்க என் அடிமையே" என்றார். இவன் யோசிக்கவே இல்லை. ஆங்கிலத்திலேயே பட்டென்று திருப்பிக் கொடுத்தான். விருந்தாளிகள் தூரத்தில் இருந்ததால் காதில் விழவில்லை. எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியிலேயே வருகிறது அவனுக்கு, தும்மல் மாதிரி.

அடுத்தது கோட்டைத் தீவு. அடிமைகளை அடைத்து வைத்திருந்த தீவு. அங்கே மட்டும் அந்தக் கேலியை நாங்கள் யாரும் வாயில் எடுக்க மாட்டோம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் படகில் ஏறும்போதே எல்லா வழிகாட்டிகளும் அந்தச் சொல்லைக் கரையில் விட்டுவிட்டுத்தான் ஏறுவோம்.

அவனாக எடுக்க மாட்டான். யாராவது எடுத்துக் கொடுத்தால்?

டிசம்பர் 3

சேச்சே. வெர்லீன் முகத்தை நினைத்தால் முடியவில்லை.

டிசம்பர் 4

இன்று சாப்பாட்டு மேஜையில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். எனக்கு விழவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றான் கேபா, எட்டுப் பேர் முன்னால். எல்லாரும் குழந்தையைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முடியும்.

டிசம்பர் 5

செய்துவிட்டேன்.

கோட்டைச் சுவர் பாதி இடிந்து ஆற்றில் கிடக்கிறது. ஓரமாக ஒரு சிறிய அறை, ஒரே ஒரு கீற்று ஜன்னல். வெர்லீனும் தங்கையும் உள்ளே போனார்கள். வெர்லீன் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் வாசலில் தலை குனிந்து நின்றார்கள். கேபா பேசி முடித்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாலடி தள்ளி வந்து நின்றான்.

நான் போய் என் மந்தமான இடது காதை அவன் பக்கம் காட்டிக்கொண்டு நின்றேன். அவனுக்கு மட்டும் கேட்கும்படி, ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னேன்: "ஏ அடிமை, எஜமானிக்குத் தண்ணி கொண்டா."

அவன் திரும்பினான். அவன் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே— இருபது நாளாக நான் அவனோடு ஒரு கேலி பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். என் காது மந்தம் என்று வேறு ஞாபகம் வந்திருக்கிறது. எனக்குக் கேட்க வேண்டும் என்று வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னான்:

"அடிமை நீதான்! உன் பாட்டனையே நாங்க ஒரு சட்டி சோத்துக்கு வாங்கினோமே!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இடிந்த சுவரிலெல்லாம் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கே கேட்டது.

வெர்லீன் வெளியே வந்தாள். "இப்ப என்ன சொன்னீங்க?"

"அம்மா, அது வந்து... எங்களுக்குள்ள ஒரு வழக்கம். கேலி முறை. இவங்களைக் கேளுங்க. தெனிங், சொல்லு! தெனிங்!"

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வழக்கமெல்லாம் இருக்கட்டும். இங்க நின்னுக்கிட்டு எப்படிச் சிரிச்சீங்க? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்றாள் வெர்லீன். திரும்பி வந்த படகில் வெர்லீன் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்கிறாளாம் எனக்கு. அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 7

ஹில்டா தொலைபேசியில் கூப்பிட்டாள். வெர்லீன் எழுதிவிட்டாளாம்.

"கேபா சொல்றாரு, நீங்கதான் முதல்ல ஆரம்பிச்சீங்களாம். சமாதானம் பேசுறீங்கன்னு நினைச்சுப் பதில் சொன்னாராம். நிஜமா தெனிங்? நிஜம்னா நான் அந்தம்மாகிட்ட பேசிப் பாக்கிறேன்."

ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் வேலை பிழைத்திருக்கும்.

"எனக்கு எதுவும் தெரியல ஹில்டா. நான் ஒண்ணும் சொல்லலை. அவரு என்ன சொன்னாருன்னும் விழலை. என் காதைப் பத்திதான் கேபாவே உங்களுக்கு எழுதியிருக்காரே."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். இவ்வளவு பொருத்தமாக ஒரு பொய் என் வாயில் இதுவரை வந்ததில்லை.

டிசம்பர் 10

கேபாவை நீக்கிவிட்டார்கள். இந்தக் கம்பெனி மட்டும் இல்லை, அந்தச் செய்தி போன இடமெல்லாம் அவனுக்குக் கதவு மூடிவிட்டது. குடிச்சேன் இன்னிக்கு. நல்ல இஞ்சிச் சாறு, ரெண்டு டம்ளர். தித்திச்சுது.

டிசம்பர் 19

தலைமை வழிகாட்டி, மறுபடியும் நான். காதுக்கருவி போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை. போட்டுக்கொண்டேன். இப்போது நீர்யானை மூச்சு விடுவது கேட்கிறது. இதை நவம்பரிலேயே செய்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? கேட்காதே. இந்தக் கேள்வியை உன்னிடமே கேட்டுக்கொள்ளாதே.

ஜனவரி 8

கேபா மீன் இறக்கும் துறையில் ஐஸ் பெட்டி தூக்குகிறானாம். பாபுகார் சொன்னான். சொல்லிவிட்டு, "நீங்க முதல்ல ஆரம்பிச்சீங்களாக்கா?" என்றான். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றேன்.

ஜனவரி 21

வெர்லீனிடமிருந்து வாழ்த்து அட்டை. 'அன்று நீங்கள் பட்ட அவமானத்தை நான் மறக்க மாட்டேன்' என்று எழுதியிருக்கிறாள். பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16

பேரனுக்கு இன்று பெயர் சூட்டினோம். ஆடு அறுத்தோம். முற்றம் நிறைய ஜனம்.

இந்த மாதிரி நாளில் கேலி முறைக்காரர்கள்தான் கூத்து. ஆட்டுத்தலை எங்களுக்கு என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், குழந்தை மூக்கைப் பழிப்பார்கள், எங்கள் அடிமைக்கு எங்களைக் கேட்காமல் யார் பெயர் வைத்தது என்று சண்டை பிடிப்பார்கள். என் மகள் பிறந்தபோது கேபா ஆட்டுத்தலையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் ஆடினான். இன்று ஜோலாக்காரர்கள் யாரும் வரவில்லை. கூப்பிட்டு வருகிற முறை இல்லை அது, தானாக வருவார்கள். சம்பந்தியம்மா இரண்டு தடவை வாசலைப் பார்த்தாள்.

பத்து மணிக்குக் கேபா மட்டும் வந்தான். வெளுத்த அங்கி, கையில் விசேஷ வீட்டுக்கு முறையாகக் கொண்டுவருகிற கோலாக் கொட்டைப் பொட்டலம். முற்றமே அவனைப் பார்த்துச் சிரிக்கத் தயாரானது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து கையேந்தித் தொழுதான். அப்புறம் என்னிடம் வந்து பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

"குழந்தைக்கு அல்லா நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்மா."

எல்லாரும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: "டேய் அடிமை! எஜமானி வீட்டுக்கு வந்துட்டு ஆட்டுத்தலையைக் கேக்காம போறியா? எடுத்துட்டுப் போடா!"

அவன் என் காதுக்கருவியைப் பார்த்தான். மெதுவாக, மரியாதையாகச் சொன்னான்.

"உங்களுக்கு இப்ப நல்லாக் கேக்குதாம்மா? சந்தோஷம். உடம்பைப் பாத்துக்குங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். "என்ன, சொந்தத்துல யாராவது செத்துட்டாங்களா அவனுக்கு?" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்ததும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மத்தியானம்வரை தட்டிலேயே கிடந்தது ஆட்டுத்தலை. மகள் வந்து, "யாரும் கேக்கலையேம்மா, ஈ மொய்க்குது" என்றாள். கழுவிக் குழம்பில் போடச் சொன்னேன்.