உன் கால் குளிர்ந்துபோன மதியம்

இன்று காலை ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டுப் பாரை மீனொன்றைத் தூக்கினேன். விரலில் ஏறிய குளிரில் அதைக் கீழே போட்டுவிட்டேன். உன் இடது காலைத் தொட்ட அன்றும் என் கை இப்படித்தான் பின்வாங்கியது.

நம் ஊர் தாழ்வுபாட்டிலிருந்து, ஒன்றாகக் கருவாடு போட்ட நம் இருவரையும் ஒரே அம்புலன்சில்தான் ஆஸ்பத்திரியின் கொரோனா வாட்டுக்கு ஏற்றினார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள். வாசலில் கம்பிக் கதவு, வெளியே பூட்டு.

"கருவாட்டுக்குக்கூட வெயில் காட்டுவம். எங்களுக்கு அதுவும் இல்லையடி," என்று சிரித்தாய். சிரித்தால் இருமல் வரும். இருந்தும் சிரித்தாய்.

காய்ச்சல் விட்டது. மூச்சும் சீரானது. வீட்டுக்கு விடப்போகிறார்கள் என்று மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னாய். அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாய்.

"எடி, இந்தக் கால் தாங்கேலாமல் நோகுது. விரல் விறைச்சுப் போச்சு. ஒருக்காத் தொட்டுப் பார்."

முழங்காலுக்குக் கீழே வெளிறிக் கிடந்தது. மற்றக் காலில் சூடு இருந்தது. நான் போட்ட சத்தத்தில் டொக்டர் ஓடி வந்தார். உன் பாதத்தில் நாடியைத் தேடினார். கையுறைக்குள் அவர் விரல்கள் தேடிக்கொண்டே இருந்தன.

"காலுக்கு ரத்தம் கொண்டுபோற குழாயில கட்டி அடைச்சிருக்கு. இந்தக் கொரோனா வருத்தம் சுவாசப்பையோட நிக்காது அம்மா, ரத்தத்தையும் உறைய வைக்கும். உடன யாழ்ப்பாணம் கொண்டுபோக வேணும்."

"நானும் போறன்," என்றேன்.

"உங்களுக்கு வருத்தம் இன்னும் மாறேல்லையே," என்றார் ஊசி போட வரும் மிஸ்ஸி. கதவு உனக்குத் திறந்து, என் முகத்துக்கு முன்னால் மூடியது.

மறுநாள் யாழ்ப்பாணத்திலிருந்து நீ எனக்குப் போன் எடுத்தாய். கட்டியை எடுத்தும் காலுக்கு உயிர் திரும்பவில்லையாம்.

"காலை எடுக்காட்டி நான் தப்பமாட்டனாம். ஓம் எண்டிட்டன்."

"பயமா இருக்கோடி?"

"பயம்தான். மகள் தனியவெல்லோ. ஒரு காலோட எண்டாலும் வீட்டை வந்திடுவன்."

காலை எடுத்தார்கள். நீ வரவில்லை. இன்னொரு கட்டி மூளைக்குப் போய்விட்டது என்று மிஸ்ஸி வந்து சொன்னார். கதவுவரை நடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கப்பால் எங்கே போவது? மூடிய பெட்டியில் உன்னை எரிக்கக் கொண்டுபோனபோதும் நான் அங்கேதான் நின்றேன். வெளியே வந்து வருடங்கள் ஆகியும், சில மதியங்களில் என் வீட்டுக்குள்ளேயே மூச்சு முட்டுகிறது.

உன் மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன கிழமை கேட்டாள்: "அன்ரி, அம்மா கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவாவோ?"

"உன்னட்டை வாறதுக்கெண்டு காலையே குடுக்கத் துணிஞ்சவா, பிள்ளை," என்றேன்.

அவள் என் மடியில் முகம் புதைத்து அழுதாள். இதைச் சொல்லத்தான் அந்த வாட்டிலிருந்து நான் உயிரோடு வந்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.