வேலி மெலிகிறது

ஸ்கோவ்பி,
8 செப்டம்பர் 1974

அன்புள்ள ஆஸ்தா அக்காவுக்கு,

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. கை கொஞ்சம் நீளம்; மடித்துவிட்டுக்கொள்கிறேன். வாடகை வீடு சின்னதுதான், ஆனால் பின்னால் தோட்டம் இருக்கிறது. இரண்டு ஆப்பிள் மரம், ஒரு பிர்ச் மரம், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் செடிவேலி. இலை அவ்வளவு அடர்த்தி. சாலையில் போகும் சைக்கிள் மணி கேட்கும், ஆள் தெரியாது. அந்த வேலிக்காகத்தான் இந்த வீட்டையே எடுத்தேன்.

விழுந்த ஆப்பிள்களைக் கருங்குருவிகள் கொத்தித் தின்கின்றன. சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பதே என் பொழுது. பூனை வந்தால் ஒரு விதமாகக் கத்துகின்றன. வல்லூறு வந்தால் வேறு விதம். மெல்லிய ஒரே இழுப்பு, பிறகு தோட்டமே மூச்சடங்கிவிடும்.

தோள் எலும்பு கூடிவிட்டது. மழை நாளில் மட்டும் வலி. ஹென்னிங் வந்து கேட்டால், என் கணவன் ஆயிற்றே என்று இரங்கிவிடாதே. நான் இருக்கும் இடம் உனக்குத் தெரியாது என்றே சொல்.

உன் தங்கை,
ராக்னா


ஓல்போர்க்,
22 செப்டம்பர்

என் ராக்னாக் குட்டிக்கு,

இந்த வருடம் பிளம் ஏகமாய்க் காய்த்திருக்கிறது. ஜாம் கிண்டிக் கிண்டிக் கை வீங்கிவிட்டது. உன் அத்தான் கார்ஸ்டனுக்கு முதுகுவலி. ஆனாலும் மாலை நடைக்குப் போகும்போது உனக்கு எழுதும் கடிதத்தைத் தபாலில் போட்டுவருவது அவர்தான்.

போன ஞாயிறு ஹென்னிங் வந்தார். மெலிந்துபோயிருக்கிறார். குடியை விட்டுவிட்டாராம். "அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க அண்ணி" என்று அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இன்னும் எத்தனை காலம் இப்படி ஒளிந்திருப்பாய்?

ஆசை முத்தங்களுடன்,
அக்கா


ஸ்கோவ்பி,
17 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

இலை கொட்டுகிறது. முதலில் பிர்ச், இப்போது வேலி. தினமும் காலையில் புதிதாக ஓர் ஓட்டை. நேற்று பால்காரரின் தொப்பி தெரிந்தது, இன்று முகமே தெரிந்தது. எனக்கு அவர் தெரிகிறார் என்றால், நான் உள்ளே நிற்பதும் வெளியே தெரியும்தானே? விளக்குப் போடாமல் சாப்பிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, பட்டாணிக் குருவிகளும் கருங்குருவிகளும் தோட்டத்து மூலையில் இருக்கும் விறகுக் கொட்டகையைப் பார்த்துக் கத்தத் தொடங்கின. பூனைக்குக் கத்தும் அதே கத்தல். பூனை என்றால் நகரும், கத்தலும் கூடவே நகரும். இது நகரவில்லை. என் காபி ஆறிப்போனபிறகும் அதே இடத்தில் நின்றது. வெளியே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை.

மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டுத் திருமதி குரோவைக் கூட்டிக்கொண்டு போனேன். கொட்டகைக்குப் பின்னால் புல் மிதிபட்டுக் கிடந்தது. "மான்தாம்மா! ஆப்பிளுக்கு வரும். போன வருஷம் என் முட்டைக்கோசு அத்தனையும் மேஞ்சுட்டுப் போச்சு" என்று சிரித்தார்.

மானைக் குருவிகள் கண்டுகொள்வதே இல்லை, அக்கா. நான் பார்த்திருக்கிறேன்.

யாரிடமாவது சொன்னாயா? இல்லை என்று ஒரு வரி எழுது.

ராக்னா


ஓல்போர்க்,
22 அக்டோபர்

ராக்னா,

இதை நானே போய்த் தபாலில் போடுகிறேன். உன் கடிதத்தைக் கார்ஸ்டனுக்குப் படித்துக் காட்டினேன், மான் கதைக்குச் சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை.

"நான்தான் ஹென்னிங்கிட்ட அட்ரஸச் சொன்னேன். புருஷன் பொண்டாட்டி பேசித் தீத்துக்கட்டும். ஒரு ஆம்பள அப்படி அழுது நான் பாத்ததில்ல" என்றார்.

"அவ தோள அவன் ஒடச்சப்ப அவ அழுதாளே, அதப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

உன் வீட்டில் ஒரு தொலைபேசி இருந்திருக்கக் கூடாதா! இதைப் படித்ததும் திருமதி குரோ வீட்டுக்குப் போய்விடு. தனியாக இருக்காதே. என் கண்ணே, போய்விடு.

ஆஸ்தா


ஸ்கோவ்பி,
26 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை மதியத் தபாலில் வந்தது. அவன் காலையிலேயே வந்துவிட்டான்.

காபி வடித்துக்கொண்டிருந்தேன். குருவிகள் கொட்டகைப் பக்கம் கத்தின. பிறகு ஆப்பிள் மரத்தடியில் கத்தின. கிட்டே வருகிறது என்று புரிந்துவிட்டது. பின்கதவைத் தாழிட்டேன், கோட்டுகூடப் போடாமல் முன்வாசல் வழியாக ஓடினேன். திருமதி குரோ மாவுக் கையோடு கதவைத் திறந்தார்.

அவர் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. வேலியில்தான் ஒன்றும் மிச்சமில்லையே. "ராக்னா, பேசத்தான் வந்திருக்கேன், தெற" என்றான், கனிவாக. அந்தக் கனிவு எனக்குத் தெரியும். பிறகு, "தெறடி!" பிறகு கொட்டகைக்குப் போய் விறகுக் கோடாலியை எடுத்துவந்தான்.

திருமதி குரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மான்னு சொன்னேனே, என் வாயத் தைக்கணும்" என்றார்.

போலீஸ் வந்து பார்த்தபோது அவன் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் வடித்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தானாம்.

உள்ளே வைத்திருக்கிறார்கள். எப்போது விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாளை நான் கிளம்புகிறேன். எங்கே என்று எழுதமாட்டேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை, அக்கா. ஆனால் நீ தினமும் கார்ஸ்டனோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறாய். அவர் கெட்டவரும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடிதம் போடுவேன். உறையின் பின்னால் முகவரி இருக்காது. வந்தால், ஊர்ப் பெயரோடு தபால் முத்திரை விழுந்த மூலையைப் பார்க்காமல் கிழித்து அடுப்பில் போடு. பிறகு படி.

ராக்னா