மாமனார் பெயரும் மிஸ்மேட்ச் என்கிற வார்த்தையும்

ஆண்டிமடம்,
12.7.2004

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம்தான், செவலைப் பசு மட்டும் சரியாகத் தின்னவில்லை. ஜபல்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி சத்யாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, நின்றதா? ஐஸ் எதுவும் வாங்கிக் கொடுக்காதே, அழுதால் அழட்டும். முந்திரி இந்த வருஷம் சுமார்தான், பூத்த நேரத்தில் மழை பெய்து பூவெல்லாம் கருகிவிட்டது. அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு மிஸ்மேட்ச் என்கிற வார்த்தையை இங்கிலீஷ் வாக்கியத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று உடனே எழுதி அனுப்பு. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே, உன் தம்பி துபாய்க்குப் போவதும் போகாததும் இந்த வார்த்தையில்தான் வந்து நிற்கிறது. போனில் நீ சொன்னால் எனக்குக் காதிலும் ஏறாது, இங்கிலீஷை எழுதிக்கொள்ளவும் தெரியாது, அதனால்தான் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். லப்பைக்குடிக்காட்டு சிராஜ் பாய் துபாயில் தன் தம்பி கடையில் ராசாவுக்கு வேலை சொல்லியிருக்கிறார் என்று உனக்குத்தான் தெரியுமே. பாஸ்போர்ட் வந்தால் ஆவணியில் விசா. போன மாதம் அதற்காக விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். அப்பா முந்திரிக் கொல்லைக்குப் போயிருந்தார், ராசா பாயைப் பார்க்கப் போயிருந்தான், நான் ஒருத்திதான் வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் உன் தாத்தா பெயரைச் சொல்லி, இருக்காரா என்று கேட்டார். காக்கிச்சட்டையைப் பார்த்த பயம் ஒரு பக்கம், மாமனார் பெயர் காதில் விழுந்ததில் எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்ட பதற்றம் ஒரு பக்கம். “அவங்க தவறிப்போயி ரொம்ப வருசம் ஆச்சுங்களே சார்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “அப்ப ஒங்களுக்குப் புள்ளை யாரும் இல்லையாம்மா” என்றார். “இருக்கானுங்க, ராசா” என்றேன். அவர் குறித்துக்கொண்டார், மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் உன் தம்பிக்கும் அதே பெயர்தானே!

நீயே சொல், நான் என்ன செய்வேன்? தம்பி பிறந்தபோது தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று உன் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். வைத்தது அவர், வாயைக் கட்டிப்போட்டது என்னை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால் பெருமாள் கோயிலைக்கூட, இதோ எழுதிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன், நாமக்காரர் கோயில் என்றுதானே சொல்வேன்? அதனால் பெற்ற பிள்ளையை ராசா என்று கூப்பிட்டேன், ஊரும் அப்படியே கூப்பிட்டது, நீ தம்பி என்றாய். அந்தப் பெயரை வாத்தியார்கள் மட்டும்தான் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பெயர் என்றால் மாமனார்தான், என் பிள்ளை இல்லை.

பிறகு திருச்சி பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பத்துக்கும் விசாரணைக்கும் நடுவில் மிஸ்மேட்ச், விளக்கம் எழுது என்று. உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டு, “செத்துப்போன எங்கப்பனத் துபாய்க்கு அனுப்பப் பாத்தியேடி” என்றார். சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று எனக்கே தெரியவில்லை. டைப்ரைட்டிங் வெள்ளைச்சாமியிடம் போனேன். அவர் மை சன் ஈஸ் மிஸ்மேட்ச் என்று அடித்துக் கொடுத்தார். பெரம்பலூரில் இன்ஜினியரிங் படிக்கிற நம் மணிவண்ணனிடம் காட்டினால், “அய்யோ பெரியம்மா, ஒங்க புள்ளை எதுக்கும் ஒத்துவராதவன்னு நீங்களே எழுதிக் குடுக்குறீங்க” என்று சிரித்தான். அவன் அதை அடித்துவிட்டு ஐ மிஸ்மேட்ச்டு மை சன் என்று எழுதினான். அதற்கு என்னடா அர்த்தம் என்றால், மகனை நான் தப்பாக ஜோடி சேர்த்துவிட்டேன் என்பது போல வருமாம், அதுவும் சரியில்லையாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். எனக்குத் தெரிந்த மேட்ச் எல்லாம் ஜெயங்கொண்டத்தில் ஜாக்கெட் துணி எடுக்கிறது. சேலைக்கு ஜாக்கெட் சேரவில்லை என்றால் சேலை மிஸ்மேட்சா ஜாக்கெட் மிஸ்மேட்சா என்று மணிவண்ணனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான், பிறகு இரண்டுக்கும் இடையில்தான் மிஸ்மேட்ச், பிட்வீன் போட்டு இதையும் அதையும் சொல்ல வேண்டும் என்றான். அப்படியானால் நான் எந்த இரண்டைப் போடுவது? ராசாவையும் அந்தப் பெயரையும் போட்டால் அது அவன் பெயரே இல்லை என்று ஆகிவிடாதா? பையனும் ஒருத்தன், பெயரும் அவனுடையதுதான். அப்புறம் இடையில் என்னடி இருக்கிறது? இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரம்பலூர் எஸ்.பி. ஆபீசுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நேற்று முன்தினம் நானும் ராசாவும் ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். ராசாவைச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மகன் பேரைச் சொல்லுங்கம்மா என்றார். எங்க மாமனார் பேருங்க என்றேன். மாமனார் பேர் என்ன என்றார். அது என் மகன் பேருங்க என்றேன். செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றுகிறேன் என்று எனக்கே தெரிகிறது, ஆனால் அந்தப் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் சிரித்துவிட்டு, “எங்கம்மாவும் இப்புடித்தான் சார்” என்றது. அவரும் சிரித்தார். ஆனாலும், “நீங்கதான் செத்துட்டார்னு சொன்னீங்க, இப்ப நீங்கதான் சொல்லணும்மா. அந்தா வந்து நிக்கிறான் பாருங்க ஒங்க பையன், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, நான் புது ரிப்போர்ட் அனுப்பிடறேன்” என்றார்.

ராசா வாசலில் வேப்பமரத்தடியில் ஜெராக்ஸ் தாளை விசிறிக்கொண்டு நின்றான். நான் கண்ணை மூடி, மாமா, பேரன் பொழைப்புக்காக, மன்னிச்சுடுங்க என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை, வெற்றி. என் குரல் அவனுக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பெயரில் வருகிற என் குரல் தெரியவில்லை. இன்னொரு முறை சத்தமாகக் கூப்பிட்டேன். சுற்றி நிற்கிறவர்களை எல்லாம் பார்க்கிறான், யார் கூப்பிடுவது என்று. கடைசியில் என்னைப் பார்த்தான். “நீயாம்மா கூப்ட்ட?” என்று கேட்டுக்கொண்டே வந்தவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதிகாரி போதும்மா, போதும்மா என்று கையெழுத்துப் போட்டு முடித்தார். திருச்சிக்கு மட்டும் இங்கிலீஷில் ஒரு விளக்கம் அனுப்பிவிடுங்கள் என்றார்.

பஸ்ஸில் வரும்போது ராசா ஒரு வார்த்தை சொன்னான். “துபாய்ல எல்லாரும் என்னை அந்தப் பேர்லதாம்மா கூப்புடுவாங்க, ராசான்னு கூப்புட அங்க யாரு இருக்கா?” என்றான். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பாஸ்போர்ட் வர வேண்டும் என்றும் இருக்கிறது, வராமல் போனால்தான் என்ன என்றும் இருக்கிறது. நேற்று சாப்பிடும்போது, “இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொல்லும்மா” என்றான். சும்மா இருடா என்று மோரை ஊற்றினேன். எனக்கு வரவில்லை. பெற்றவள் வாயால் கேட்க அவன் இத்தனை வருஷம் காத்திருந்தான் என்று நான் எங்கே கண்டேன்?

ஆகவே நீ இப்படி எழுதித் தா. என் மகனுக்கும் அவன் பெயருக்கும் இடையில் ஒரு மிஸ்மேட்சும் இல்லை, மிஸ்மேட்ச் அவன் பெயருக்கும் என் வாய்க்கும் இடையில்தான் என்று. இங்கிலீஷில் அப்படி எழுதலாமா, கவர்ன்மெண்ட் ஒத்துக்கொள்ளுமா, அதெல்லாம் எனக்குத் தெரியாது, படித்தவள் நீ பார்த்துக்கொள். விசா தேதி தவறிப்போகும் என்று பாய் அவசரப்படுத்துகிறார், கடிதம் கிடைத்த அன்றே எழுதிப் போட்டுவிடு. மாப்பிள்ளைக்கு நாங்கள் விசாரித்ததாகச் சொல். குளிர்ந்த தண்ணீரில் தலை குளிக்காதே. குட்டிக்கு அம்மாயியின் முத்தம். மஞ்சள் குங்குமத்தோடு நீ நிறைந்து இருக்க வேண்டும், உங்கள் மூவரையும் நம் குலசாமி கூடவே இருந்து காக்க வேண்டும். கவர் மேல் தம்பியின் முழுப் பெயரைப் போட்டு அனுப்பு, தபால்காரர் வாசலில் நின்று சத்தமாக வாசிக்கட்டும், நானும் கேட்டுப் பழகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெற்றிச்செல்வியையும் அய்யம்பெருமாளையும் பெற்ற அம்மா,
கொளஞ்சியம்மாள்