வாத்தின் இடது பக்கம்

இஞ்சாருங்கோ,

இருபத்தெட்டு வருடமும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்றவுடன் புதிதாகப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வராது. நாலு பேர் கண்ணில் படக்கூடிய கடிதம்தான். படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் அபி பேர்ண் நகரத்துக்கு வீடு மாறிவிட்டாள். சனிக்கிழமைகளில் வந்து என்னை அதட்டிவிட்டுப் போகிறாள். எனக்கு அதே ஊஸ்டர் பள்ளிக்கூடத்தில் அதே கிளீனிங் வேலை. முழங்கால்தான் முந்தி மாதிரி இல்லை. உங்கள் அலுமாரியை நான் அசைக்கவில்லை. காற்றடித்தால் இரண்டு கையையும் சுழற்றுகிற மரமனிதன், துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்த போர்வை, கூரையில் நின்று காற்றுத் திசை காட்டிய தகரச் சேவல், பிறகு அந்த மரவாத்து. எல்லாம் அமெரிக்காவில் யாரோ பேர் தெரியாத சனம் எந்தக் காலத்திலோ செய்தவை.

எங்கட ஆட்கள் உங்களை எவ்வளவு பகிடி பண்ணினார்கள்! "சூரிச்சில ஹோட்டல் குசினி வேலை, ஊஸ்டரில வீடு. அத்தான் ஏனக்கா அமெரிக்கன்ர உடைசலைப் பொறுக்கித் திரியிறார்?" என்று என் தம்பியே கேட்டான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பிய சுவிஸ்காரரின் வீடுகளைப் பேரப்பிள்ளைகள் காலி பண்ணும்போது இப்படிப்பட்ட சாமான்கள் வெளியே வரும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவர் ஓல்டன் ஊர் ஹான்ஸ். ரயில்வேயில் வேலை செய்து பென்சன் எடுத்தவர், உங்களைப் போலவே பைத்தியம். லீவு நாள் வந்தால் இரண்டு பேரும் புறொக்கி என்கிற பழஞ்சாமான் கடை எல்லாம் ஏறி இறங்குவீர்கள்.

ஒருநாள் கோபத்தில் நானும் கேட்டேன், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று. வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

"இதைச் செய்தவன் ஒரு வேட்டைக்காரன், சரோ. குளத்தில மிதக்க விட்டா, மேல பறக்கிற வாத்து இதை நம்பி இறங்கும். அதுக்குத்தான் செய்தவன். கலை கிலை எண்டு ஒண்டும் நினைச்சிருக்க மாட்டான். ஆனா எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறான், பாரும்."

பார்த்தேன். எனக்கு அழுக்குத்தான் தெரிந்தது. "ஈரத்துணி மட்டும் படக்கூடாது, பழைய வர்ணம் போனா எல்லாம் போச்சு" என்று நீங்கள் நூறு தரம் சொல்லியிருப்பீர்கள். நானும் நூறு தரம் ஓம் என்றேன்.

இனித்தான் நான் சொல்ல வேண்டியது. ஒப்பரேசனுக்காக நீங்கள் இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பயம் வந்தால் சிலருக்குச் சாமி ஞாபகம் வரும், எனக்கு வாளியும் துணியும்தான். இந்த நாட்டில் வாடகை வீட்டைத் திருப்பி ஒப்படைக்கும்போது வருகிற ஆள் அடுப்புக்குப் பின்னாலும் விரலால் தடவிப் பார்ப்பார். எத்தனை பேருடைய வீட்டை அப்படிக் கழுவிக் கொடுத்தவள் நான்! ஒரு விரலிலும் தூசி ஒட்டியதில்லை. நீங்கள் சுகமாகி வரும்போது வீடு அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். யன்னல், குசினி, குளியலறை எல்லாம் முடிந்து அலுமாரிக்கு வந்தேன். வாத்தைச் சுடுதண்ணீரும் அழுக்கெடுக்கிற கிறீமும் போட்டு உரசினேன்.

நான்கு உரசலில் இடது பக்கத்துப் பச்சையும் கபிலமும் துணியோடு வந்துவிட்டன. கீழே வெறும் மரம். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதனிடம் இதை எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குசினி மேசையில் இருந்து, சின்னப் பேணி வர்ணங்களைக் கலந்து, அந்தப் பக்கத்துச் செட்டையை, இறகு இறகாக, ஒவ்வொரு கோடாகத் தூரிகையால் திரும்பக் கீறினேன். புதிதாகத் தெரியாமலிருக்கத் தேயிலைச் சாயமும் பூசினேன். பிறகு இடது பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தேன். இவ்வளவும் செய்துவிட்டு உங்களைக் கூட்டிவர வந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் வாத்தை எடுத்து யன்னலடிக்குக் கொண்டுபோனீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். திரும்ப வைக்கும்போது இடது பக்கம் வெளியே தெரிய வைத்தீர்கள். அடுத்த நாள் தூசி தட்டுகிற சாட்டில் நான் அதை மாற்றி வைத்தேன். பின்னேரம் பார்த்தால் திரும்பவும் இடது பக்கம் வெளியே. கண்டுபிடித்துவிட்டாரோ? குத்திக் காட்டுகிறாரோ? இல்லை, மருந்து மயக்கத்தில் தெரியவில்லையோ? கேட்க வாய் வரவில்லை. கடைசி ஐந்து மாதமும் அந்த வாத்தை நான் இப்படித் திருப்ப, நீங்கள் அப்படித் திருப்ப, அப்படியே போய்விட்டீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஹான்ஸ் வந்தார். ஓல்டனில் ஒரு சின்ன மண்டபத்தில் தன்னுடையதையும் உங்களுடையதையும் சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்போகிறாராம். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தவர் வாத்தைக் கையில் எடுத்தார். எனக்குத் தாங்கவில்லை. தெரிந்த ஜேர்மன் பாஷையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், தேயிலைச் சாயம் வரைக்கும்.

ஹான்ஸ் சிரித்துவிட்டார். "அது எனக்கு அப்பவே தெரியும், ஃபிராவ் சரோ. உங்கட மனிசன் ஆஸ்பத்திரியால வந்த அடுத்த கிழமையே எனக்குக் காட்டினவர்" என்றார். அவர் ஜேர்மனில் சொன்னதை நான் எங்கட தமிழில் எழுதுகிறேன். "மேல பூசினதைப் பக்குவமா எடுக்க ஆள் இருக்கு, எடுப்பமோ எண்டு கேட்டன். மனிசன் வாத்தை என்ர கையில இருந்து பறிச்சுப்போட்டார்."

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"'அந்தப் பக்கம் செய்தவனை எனக்குத் தெரியாது, ஹான்ஸ். இந்தப் பக்கம் செய்தவளை எனக்குத் தெரியும்' எண்டார்."

அந்த மனிதருக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன். தேத்தண்ணி போடவும் மறந்துபோனேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? எனக்கு வெட்கமாகப் போய்விடும் என்றா? உங்களுக்கு நோகும் என்று நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு நோகும் என்று நீங்கள் திறக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் ஐந்து மாதம். உங்களோடு கோபமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்திருந்தால் நல்ல பேச்சு வாங்கியிருப்பீர்கள். பிறகு இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

வாத்தை ஹான்ஸிடம் கொடுக்கவில்லை. காட்சி தொடங்குகிற நாளில் நானே மடியில் வைத்துக்கொண்டு ஓல்டனுக்கு ரயிலில் போவேன். இடது பக்கம் சனத்தைப் பார்க்க என் கையால் வைப்பேன். இதை யார் பூசியது என்று எவராவது கேட்டால், ஹான்ஸ் வாயைத் திறக்குமுன் நான் சொல்லுவேன். இது சத்தியம்.

உங்கட மனிசி,
சரோ