கனடா என்று சொல்லிவிட்டு ஓகூஸில் இருந்த அக்காவுக்கு

கோபம் ஆறாமலே நான் நேசிக்கிற வதனாக்கா,

போன சனிக்கிழமை ரோபியர் மீலேக்குப் போனேன். டென்மார்க்கின் பாலைவனம் என்று நீங்கள் சிரித்துக்கொண்டு சொல்லும் அதே மணல்மலை. ஏழு வருடமாக ஒவ்வொரு மே மாதமும் நாம் இருவரும் நாய்களோடு ஏறிய இடம். இந்த முறை உங்கள் இடத்தில் அத்தான் வந்தார். காரின் பின்பக்கத்தில் உங்கள் லூனாவும் என் ஜிம்மியும்.

மணல் தொடங்குவதற்கு முந்திய புல்வெளி முழுக்கப் பூ, அக்கா. ஊதாவும் மஞ்சளுமாய், கால் வைக்க இடமில்லாமல். நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எடுத்து யாருக்கு அனுப்ப?

இலையுதிர் காலத்தில் ஒருநாள் லூனாவோடு ஹேர்னிங்கில் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்களே, அந்த முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். "தங்கச்சியிட்டக் கனடாவுக்குப் போறன், மூண்டு மாசம். இவளைப் பாத்துக்கொள்ளடி" என்றீர்கள். அவளுடைய படுக்கை, மருந்து, தடுப்பூசிப் புத்தகம், பழைய பந்து எல்லாம் கொண்டுவந்திருந்தீர்கள். மூன்று மாதத்துக்கு எதற்கு இவ்வளவு என்று எனக்குத் தோன்றாமல் போனதே. வாசலில் குனிந்து அவளைத்தான் நெடுநேரம் கட்டிப்பிடித்தீர்கள். எனக்குக் கை மட்டும் காட்டினீர்கள்.

பிறகு குரல் செய்திகள். "இஞ்ச சரியான குளிரடி." ஒன்றில் உங்களுக்குப் பின்னால் ஒரு பெண் டேனிஷில் கோப்பி வேண்டுமா என்று கேட்டாள். "கனடாவில ஆரக்கா டேனிஷ் கதைக்கிறது?" என்று கேட்டேன். "அது ரீவியடி" என்றீர்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் இருந்தது இதே டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தில், கடைசி நாட்களைக் கழிக்கிறவர்களுக்கான இல்லத்தில். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டம். தை மாதம் அத்தான் தொலைபேசியில் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் பாதிப்பேருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒருத்தி என் கையைப் பிடித்து, "உமக்குத் தெரியாதே?" என்று கேட்டாள். நான் அன்று அழவில்லை. வெட்கமாக இருந்தது.

மணல்மலையின் கடைசித் துண்டு உங்களுக்குத் தெரியும்தானே, செங்குத்து. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். அத்தானுக்கு முழங்கால் வருத்தம். லூனாவின் வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் இழுத்த இழுப்பிலேயே ஏறினார். மேலே இரண்டு பக்கக் கடலும் தெரிந்தது. அவர் மூச்சு வாங்கி முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அத்தான், ஏன் எனக்கு மட்டும் மறைச்சவ?"

அவர் லூனாவின் வாரை இடுப்பிலிருந்து அவிழ்த்தார்.

"உமக்குத்தான் சொல்ல வேண்டாமெண்டவ, பிள்ளை. நீர் வேலையில சாகப்போற ஆக்களைப் பாக்கிற முகம் ஒண்டிருக்காம். அந்த முகத்தோட தன்னைப் பாத்தா தாங்கேலாதாம்."

"நீங்களும் ஓமெண்டுட்டீங்கள்?"

"ஓம்." மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சாகிற மனிசி கேட்டா என்ன செய்யிறது?"

நான் இரண்டு நாய்களையும் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தால் இறங்கினேன். அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இறங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். பாதி வழியில் லூனா நின்றுவிட்டாள். இழுத்தும் அசையவில்லை. மேலே அவரைப் பார்த்துக் குரைத்தாள். திரும்பி ஏறினேன்.

பதினெட்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பெயர்கூடச் சரியாகத் தெரியாத எத்தனை பேரின் கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். உங்கள் கையைத் தரவில்லையே நீங்கள். எனக்கு வேறு முகம் இருந்ததே, அக்கா. உங்களோடு சண்டை பிடிக்கிற முகம், விழுந்து விழுந்து சிரிக்கிற முகம். அதோடு வந்திருப்பேன் என்று ஏன் நம்பவில்லை? அல்லது உங்களுக்குத் தெரிந்தது சரிதானா? வாசலைத் தாண்டியதுமே நான் உங்கள் தலையணையைத்தான் முதலில் சரிசெய்திருப்பேனா?

திங்கட்கிழமை வேலையில் ஒரு வயோதிப மாதுக்குத் தண்ணீர் பருக்கும்போது, என் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்ற யோசனை வந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அதையும் எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று செய்தேன். இறங்கும்போது அத்தானின் கையைப் பிடித்து, "உங்களுக்கு ஒண்டெண்டா முதல்ல எனக்குத்தான் சொல்லவேணும்" என்றேன். தலையாட்டினார். "வாயால சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். லூனாவையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டுக்குப் போவேன், அக்கா. கதவு திறக்கும்வரை மணியை அடிப்பேன். இனி யாரையும் எனக்குக் கனடா என்று சொல்ல விடமாட்டேன்.

நீங்கள் ஏமாற்றிவிட்டுப் போன,
கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
ரஜனி