பாத்ரூமுக்கு ஓனர் கையெழுத்து

சேலையூர்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மகன் டெனிஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் ஜென்சியும் பேரன் ஜாய்சனும் அங்கே மெல்பர்னில் குளிரோ வெயிலோ அதற்குத் தக்கபடி நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே நீ ஓகேம்மா ஓகேம்மா என்று நடுவிலேயே முடித்து வைத்துவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓட்டிவிட்டுக் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டியே சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. மேலும் இதில் வாட்ஸ்அப்பில் எழுதக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது, நம் சபை ஜெபசீலன் மகள் மேற்படிப்புக்கு உங்கள் ஊருக்கு வருவதால் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். எல்லாம் பாத்ரூம் விஷயம்தான். உட்கார்ந்து முழுவதும் படி.

அப்பா பாத்ரூம் வாசற்படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதும் ஆபரேஷனுக்கு நீ வந்து போனதும் உனக்குத் தெரியும், நீ விமானம் ஏறின பிறகு நடந்ததுதான் தெரியாது. வாக்கர் வைத்துக்கொண்டு ஹால் முழுக்க நன்றாக நடக்கிறார், பாத்ரூம் வாசலுக்கு வந்தால் வாக்கர் உள்ளே நுழையாது, வாசல் அவ்வளவு குறுகல், மனிதர்கள் பக்கவாட்டில்தான் நடப்பார்கள் என்று பில்டர் நினைத்துக் கட்டினானோ என்னவோ. போதாததற்கு அந்த உயரமான படி வேறு. அதனால் வாஷிங் மெஷின் இருக்கிற பின்பக்கத்து பால்கனியில் பழைய திரைச்சீலையைக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து நான் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறேன். ரயில்வே அக்கவுண்ட்ஸில் அத்தனை பேரை நடுங்க வைத்த மனுஷன் குளித்து முடியும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே இருக்கிறார், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நீ சொன்னபடி ஹோம் நர்ஸ் ஏஜென்சியில் சொல்லி, குளிப்பாட்டிவிட ஒரு ஆளையும் வரவழைத்தேன், அவர் வந்த அன்றைக்கு அப்பா குளிக்கவே மாட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்ச்சுக்கும் வருவதில்லை. தன் கையால் சோப்புப் போட்டுக் குளிக்காத உடம்போடு திருவிருந்துக்குப் போய் நிற்க மாட்டாராம். சபை ஐயர் அப்பத்தையும் ரசத்தையும் நம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார், அதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கதவைச் சாத்திக்கொண்டு தானாகக் குளிக்க வேண்டும். வாசலை அகலமாக்கி, படியை எடுத்து, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, உட்கார ஒரு மேடை கட்டினால் தீர்ந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு இது ஒரு வாரத்து வேலைதாம்மா என்றார்.

அன்றைக்கே கடப்பாரையை எடுக்க விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, பெர்மிஷன் வாங்கின பிறகு சொல்லியனுப்புகிறோம் என்று கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நம் அபார்ட்மென்ட்டில் பாத்ரூம் சுவரைத் தொட வேண்டுமானால் சங்கத்தின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, அதை எழுதினவரே முதல் செக்ரட்டரியாக இருந்த அவர்தான். மேலே வாடகைக்கு இருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் குழாய் மாற்றி, வரிசையாக எல்லா வீட்டுக் கூரையிலும் தண்ணீர் இறங்கின கோபத்தில் எழுதினது. நான் சொல்லிப் பார்த்தேன், பக்கத்துத் தெருவில் ஒருத்தன் மொட்டை மாடி மேல் இன்னொரு மாடியே எழுப்பிவிட்டான், ராஜகீழ்ப்பாக்கம் போகிற வழியில் ஒருத்தர் கார் நிறுத்துகிற இடத்தில் பிரியாணிக் கடை நடத்துகிறார், ஊரே இப்படி இருக்க நீங்கள் ஒரு வாசற்படியை எடுக்க அனுமதி கேட்கிறீர்களே என்று. எழுதினவனே மீறினால் மற்றவன் எப்படி மதிப்பான் ஜோதி என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால் அப்படி ஒரு விதி இருப்பதே இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. அப்பா விண்ணப்பம் கொடுத்த பிறகுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது.

இப்போது சங்கத்துத் தலைவர் மோகன்ராஜ், மூன்றாவது மாடி, நீ வந்தபோது லிஃப்டில் உன் பெட்டியின் எடையைக் கேட்டாரே அவர்தான். லிஃப்டில் நாய் ஏறலாமா, வாசலில் எத்தனை செருப்பு விடலாம், தண்ணீர் லாரி வந்தால் யார் முதலில் மோட்டார் போடுவது என்று எல்லாவற்றுக்கும் சர்க்குலர் போடுகிற மனிதர். ரிட்டயர் ஆன பிறகு அதிகாரம் செய்ய ஓர் ஆபீஸ் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர் கையில் நாமாகவே போய் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தால் விடுவாரா. அப்பாவுக்கு எதிரில் கைகட்டி நின்றுகொண்டு, "இது சார் போட்ட ரூல் சார், இதை அப்படியே ஃபாலோ பண்றதுதான் சாருக்கு நாங்க குடுக்குற மரியாதை" என்றார். அப்பாவுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, அந்த முகத்தைப் பார்த்து எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் வந்தது. அந்த மரியாதைப்படி முதலில் அரசாங்க ஆபீஸில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும், அடுத்து இன்ஜினியர் சான்று, அடுத்து நமக்கு நேர் கீழ் வீட்டுக்காரர் சம்மதம்.

எந்த ஆபீஸ் என்று பெயர் எழுதவில்லை, எழுதினால் எனக்கு மறுபடி அங்கே போக வேண்டி வரும். அங்கே ஜன்னலில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள பாத்ரூம் மாத்துறதுக்கெல்லாம் இங்க ஏன்மா வர்றீங்க, அதுக்கு பெர்மிஷனே தேவையில்ல" என்றாள். சந்தோஷம், தேவையில்லை என்பதை எழுதிக் கொடுங்கள் என்றேன். தேவையில்லாததை எழுதிக் கொடுக்க அவர்களிடம் ஃபார்ம் இல்லையாம். நான் இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தினேன், பூச்சியத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அரசாங்கத்துக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. கடைசியில் மோகன்ராஜே பெரிய மனசு பண்ணி, நான் போய்க் கேட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டார். இன்ஜினியர் மேடவாக்கத்திலிருந்து டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே வந்தார், ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தார், அப்பா எந்த ரயில்வேயில் இருந்தார் என்று கேட்டார், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கவில்லை. நேரில் ஆய்வு செய்தேன் என்று சீல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். எதை ஆய்வு செய்தாரோ, காபியைத்தான் செய்திருக்க வேண்டும்.

கீழ் வீடு சிட்டிபாபுவுடையது. இந்த இடமே அவர்கள் குடும்பத்து நிலம், பில்டருக்குக் கொடுத்து பதிலுக்கு வீடுகள் வாங்கிக்கொண்டவர்கள். தண்ணீர் ஒழுகினால் அவர் தலையில்தான் ஒழுகும், அவர் ஒருவர்தான் உண்மையில் ஆட்சேபிக்க உரிமை உள்ளவர். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தவர் சீட்டின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார், படிக்கக்கூட இல்லை. "இன்னா டீச்சர், சார் குளிக்கறதுக்கு இம்மாம் பேஜாரா. இதே எடத்துல எங்க நைனா எருமைய குளிப்பாட்டிகினு இருந்தாரு, எவன்கிட்டயும் பர்மிஷன் கேக்கல. நீங்க இடிங்க, ஒழுகுனா நான் பாத்துக்கறேன்" என்றார். இதை மேலே வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன், எருமைக்கு அப்போது விதி எழுதப்படவில்லை என்றார். சிரிக்காமல் சொன்னார்.

எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்ததும் மோகன்ராஜ் நிதானமாகப் பார்த்துவிட்டு விண்ணப்பமே செல்லாது என்றார். ஓனர்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று பேங்க் லோன் தராததால் பத்திரம் உன் பேரில் போட்டோமே, அதை நினைவு வைத்திருக்கிறார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ரூல் படி நீங்க ரெண்டு பேரும் ஆக்குபன்ட்தான்" என்றார், குடியிருப்பவர்களாம், சொந்தக்காரர்கள் இல்லையாம். வாடகைக்கு வந்தவர்கள் சுவரை இடிக்கக்கூடாது என்று அப்பா எழுதிய அதே விதியின் அடுத்த வரி அது. அப்பா சரிதான் என்பது போல் தலையை ஆட்டினார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. உனக்குப் போன் செய்தோம். நீ என்ன செய்தாய், உங்கள் ஊரில் உன் பாத்ரூமைப் புதுப்பித்தபோது பெர்மிட் ஈமெயிலிலேயே வந்தது, நம் ஊரில்தான் சிஸ்டமே கிடையாது என்று எனக்கு ஒரு பிரசங்கம் வைத்தாய். இங்கே சிஸ்டம் இருக்கிறது மகனே, உன் அப்பாதான் எழுதினார், அதில் மாட்டிக்கொண்டு நிற்பவரும் அவர்தான். பிறகு போன் திரையில் விரலால் கிறுக்கி ஒரு கையெழுத்து அனுப்பினாய், கோழி கிளறின மாதிரி இருந்தது, மையில் போட்ட ஒரிஜினல் வேண்டும் என்று அவர் திருப்பிவிட்டார். கூரியரில் அனுப்படா என்றால் பார்க்கிறேன் என்றாய், மறுபடி கேட்டால் ஆபீஸில் ரிலீஸ் என்றாய், அதற்கும் மேல் கேட்டால் கிறிஸ்துமஸுக்கு வரும்போது நேரிலேயே போட்டுவிடுகிறேன்மா என்றாய். உன் வேலை பெரிய வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் பேர் எழுதி உறையில் போட ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஸ்பீக்கரில் பேசினதால் கிறிஸ்துமஸ் என்று நீ சொன்னது அப்பா காதிலும் விழுந்தது. அவனைத் தொந்தரவு பண்ணாதே ஜோதி என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டு ஹாலில் உட்கார வைத்தேன். மூக்குக்கண்ணாடியும் பேனாவும் எடு, அந்த விண்ணப்பத்தையும் எடு என்றார். மோகன்ராஜுக்கு இன்னொரு தாழ்மையான கடிதம் எழுதப் போகிறார் என்று நினைத்து முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். ஓனர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் நிதானமாக வி. டெனிஸ் என்று இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. நான் பதறிப்போய் என்னங்க இது, இது அவன் கையெழுத்தாச்சே என்றேன். ரயில்வேயில் ஒரு பயணப்படிக் கணக்கில்கூடத் தப்பாக ஒரு கோடு போடாதவர் என்னைப் பார்த்து, முன்னால் நிற்கிற எழுத்து என்னுடையது, பின்னால் நிற்கிற பேர் நான் வைத்தது, இதில் அவனுடையது என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சாதாரணமாகக் கேட்டார்.

கூரியரில் வந்தது என்று மோகன்ராஜிடம் நானே சொல்லிக் கொடுத்தேன், வாய் கூசவில்லை. அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அனுமதியில் சீல் குத்திக் கொடுத்தார், பாத்தீங்களா மேடம், ப்ரொசீஜர்னு ஒண்ணு இருந்தா எல்லாம் கரெக்டா நடக்கும் என்று உபதேசமும் செய்தார். கொத்தனார் சொன்ன கணக்கிலேயே வேலையை முடித்தார். சிட்டிபாபு வீட்டில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. வியாழக்கிழமை அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, நான் பயந்துபோய்க் கதவைத் தட்டினேன், மனுஷன் நிம்மதியாகக் குளிக்கக்கூடாதா என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் போட்டார். அந்தத் திட்டைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. இன்றைக்குக் காலை ஆராதனைக்கு வந்தார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாக்கரோடு போய் திருவிருந்து எடுத்தார். இப்போது தூங்குகிறார், அதனால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது.

ஜாய்சனுக்கு என் முத்தங்கள், அவன் தமிழில் பேசினால்தான் பாட்டி போனில் பதில் சொல்வாள் என்று சொல். ஜென்சி முதுகுவலிக்குத் தைலம் கேட்டிருந்தாள், ஜெபசீலன் மகளிடம் கொடுத்திருக்கிறேன். உன்னைத் திட்டி எழுதினதை எல்லாம் மனதில் வைத்துக்கொள், மறக்க வேண்டாம், ஆனால் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் வீட்டில் சமாதானம் தங்குவதாக.

ஒன்று மட்டும் நினைவில் வை. கிறிஸ்துமஸுக்கு நீ வந்து நிற்கும்போது மோகன்ராஜ் லிஃப்டில் உன்னைப் பிடித்து அந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே சார் என்று கேட்டாலும் கேட்பார். ஆமாம் என்று சொல். அம்மா பொய் சொல்லச் சொல்லித் தருகிறாளே என்று நினைக்காதே. இல்லை என்று நீ சொன்னால்தான் அது பொய்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஞானஜோதி வேதசிரோமணி